கூட்டு ரோடு

கொருக்குப்பேட்டை தாண்டி
எண்ணெய்க் குழாய்கள் ரோட்டோடு படுத்திருக்கும் இடத்தில்
நாலு சாலை முட்டும் ஒரு முனை.
தகரப்பட்டறை என்பார்கள்.
பட்டறை போய்விட்டது, பேர் இருக்கிறது.
ஒன்பது வருடமாக
விடியற்காலை நாலரைக்கு அதைக் கூட்டுகிறேன்.

இரவு அங்கே என்ன நடந்ததென்று
போலீசுக்கு முன்னால் துடைப்பத்துக்குத் தெரியும்.
ஹெட்லைட் கண்ணாடி தூளாகக் கிடந்தால் நேர் மோதல்.
சிவப்புச் சில்லு என்றால் பின்னால் வந்த இடி.
மணல் கொட்டியிருந்தால்
எதுவும் கேட்காமல்
மணலோடு சேர்த்து அள்ள வேண்டும்.
ஜோடியில்லாத செருப்பை மட்டும்
குப்பை வண்டியில் போட மாட்டேன்.
மின்பெட்டி மேல் வைப்பேன்.
யாரும் வந்து கேட்டதில்லை.

சிக்னல் இருந்தது அப்போது.
ராத்திரி பதினொன்றுக்கு மேல் மஞ்சள் மட்டும் சிமிட்டும்.
துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்காரன்
அது தன்னைப் பார்த்துக் கண்ணடிப்பதாக நினைப்பான்.
மணலியிலிருந்து வரும் டேங்கர்காரனும்
அப்படியே நினைப்பான்.

கன்னியப்பன் எதுவும் நினைக்கவில்லை.
வெல்டர். சைக்கிள். காலை ஷிப்ட்.
ஹேண்டில்பாரில் தூக்குவாளி.
எலுமிச்சைச் சோறு
தார்மேல் அவ்வளவு மஞ்சளாக இருக்கும் என்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
அதைக் கூட்டியது நான்.
கூட்டி முடிப்பதற்குள்
காக்கைகள் வந்துவிட்டன.

பிறகு ஹெப்சிபா என்று ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார்.
கையில் சுண்ணாம்புப் பொடி,
கூட வந்த பையனிடம் கயிறு.
நடுவில் ஆணி அடித்து
கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார்கள்.
தார் டிரம்மும் பழைய டயரும் அடுக்கி
மூன்று மாதம் சோதனை.
முதல் வாரம் எல்லாரும் காறித் துப்பினார்கள்.
"நேரா போற ரோட்ட கோணலாக்கிட்டாங்கோ"
என்றான் ஷேர் ஆட்டோ டில்லிபாபு.
ஆமாம்.
அதைத்தான் செய்தார்கள்.

ரவுண்டானா கட்டியபின்
நேராக வர யாருக்கும் வழியில்லை.
வளைவைக் கண்டதும்
கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது.
உள்ளே சுற்றுகிறவன் போகட்டும்,
வலப்பக்கம் ஒரு பார்வை,
இடம் இருந்தால் நுழை, இல்லையென்றால் நில்.
விளக்கைப் பார்த்து அல்ல,
வருகிறவன் முகத்தைப் பார்த்து.
முகம் தெரிகிற வேகம்தான் இப்போது.

இடிக்கிறார்கள். இல்லையென்று சொல்லவில்லை.
பக்கவாட்டில் உரசி
ஒரு சைடு மிரர் முறியும்.
இரண்டு பேரும் இறங்கி
ஒருத்தன் அம்மாவை ஒருத்தன் இழுப்பான்.
துடைப்பத்தை ஊன்றி நின்று கேட்பேன்.
உயிரோடு இருக்கிறவன் வாயில்தானே
அத்தனை கெட்ட வார்த்தை.

கடப்பதும் மாறிவிட்டது. முன்பெல்லாம்
தள்ளுவண்டியோடு நாலு திக்கும் பார்த்து
கழுத்து சுளுக்கி
அறுபது அடி ஒரே ஓட்டம்.
இப்போது வலது பக்கம் மட்டும் பார்க்கிறேன்,
பாதி ரோடு.
நடுவில் முக்கோணமாய் ஒரு திட்டு,
மூச்சு வாங்க, இழுத்துச் சொருகிய புடவையைச் சரிசெய்ய.
அப்புறம் இடது பக்கம் மட்டும்,
மீதிப் பாதி.
காசிமேட்டிலிருந்து மீன்கூடையோடு வரும் அமலோற்பவம்
அந்தத் திட்டில் நின்று வெற்றிலை போடுகிறாள்,
யாரோ அவள் பேருக்குப் பட்டா எழுதிக் கொடுத்ததுபோல.

எல்லாம் சரியாகிவிடவில்லை.
மழையில் வட்டம் குளமாகும்.
எதிர்த்திசையில் சுற்றி வரும் பைக் பையன்கள்
ஒருநாள் எனக்கு வேலை வைப்பார்கள்.
நடுவில் யார் சிலை என்று
மூன்று கட்சிக்கும் ஒத்துவரவில்லை.
அதுவரை அங்கே
காது கிழிந்த ஒரு நாய் படுத்திருக்கிறது,
எந்தப் பக்கமும் பார்க்காமல்.

இன்று காலை
வட்டத்தின் ஓரத்தில் ஏதோ மின்னியது.
கை நின்றுவிட்டது.
குனிந்தேன்.
விரலால் புரட்டிப் பார்த்தேன்.
பச்சை.
வளையல்.
யார் வீட்டுச் சண்டையோ, எந்த அவசரமோ.
முறத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு
அடுத்த வளைவுக்குப் போனேன்.